பதினேழாம் ஸ்லைடு

ஸ்லைடு ஷோ தயாரிக்கும் வேலையில் ஒரு பெரிய ஆபத்து உண்டு: "இது தானா ஓடும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், அதைச் செய்தவளும் தானாக ஓடுவாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள்.

கணவரின் சங்கத்துக்காக மாடாய் உழைத்த சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் ஒரு பந்தல் போடுவார்கள். தண்ணீர், மோர், தொன்னையில் சாம்பார் சாதம், கால் வலிக்குத் தைலம். கூட்டத்தில் பிரிந்துபோனவர்களுக்கு மைக்கில் அறிவிப்பு. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷத்தில் சங்கத்துக்கு டி.வி. ஆசை வந்தது. பந்தலில் ஒரு பெரிய டி.வி. வைத்து, பஸ் எங்கே நிற்கும், கழிப்பறை எங்கே, யார் காணோம், இன்றைய சாப்பாடு யார் உபயம் என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டுமாம். தெருவில் கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். மகனுக்காக வாங்கியது, அவன் ஹாஸ்டலுக்குப் போன பிறகு பூப்போட்ட உறையை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. நானும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது என் வீட்டுக்காரரின் அபிப்பிராயம். அவர் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை; சங்கத்துக்குச் செயலாளர். இரண்டு இடத்திலும் கையெழுத்து போடுவதோடு சரி. கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் இங்கிலீஷில் இருக்கும் எல்லாமே எனக்குத் தெரியும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டு வந்தார்.

ஆள்காட்டி விரல்

முதல் பௌர்ணமியன்று தானாக ஓட வைப்பது எப்படி என்று எனக்கும் தெரியாது. நாற்பது ஸ்லைடு செய்து வைத்திருந்தேன். பந்தலின் பின்பக்கம், சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை அழுத்தினால் ஒரு ஸ்லைடு நகரும். மறுபடி அழுத்தினால் இன்னொன்று. நாற்பதும் முடிந்தால் திரை கறுப்பாகிவிடும். உடனே வெளியே இருந்து "கரண்ட் போச்சா?" என்று ஒரு குரல். நான் ஓடிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தவள் எட்டு மணி வரை எழுந்திருக்கவில்லை. சோறு ஊட்டிவிடத்தான் ஆளில்லை. ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் அழுத்தினேன்.

மறுநாள் வீங்கிய விரலோடு ஸ்லைடு செய்யும் அந்த மென்பொருளின் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து பார்த்தேன். 'டிரான்சிஷன்' என்ற இடத்தில் இரண்டு கட்டம் இருந்தது. மவுஸை அழுத்தினால் நகரு என்பது ஒன்று. இத்தனை விநாடியில் தானாக நகரு என்பது இன்னொன்று. முதல் டிக்கை எடுத்துவிட்டு, இரண்டாவதில் டிக் போட்டு ஐந்து விநாடி என்று கொடுத்தேன். 'செட் அப் ஷோ' என்று வேறொரு இடத்தில், எஸ்கேப் பட்டனைத் தட்டும் வரை விடாமல் சுற்று என்று ஒரு கட்டம். அதிலும் டிக். நாற்பது ஸ்லைடும் மூன்று நிமிஷம் இருபது விநாடியில் ஒரு சுற்று சுற்றி, மூச்சு விடாமல் மறுபடி முதல் ஸ்லைடுக்கு வந்தது. சமையலறையில் நின்றுகொண்டே நாலு சுற்று பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு சுற்று முழுக்க நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ சுலபமா? அப்ப நேத்து ஏன் அவ்ளோ அலட்டிக்கிட்ட?"

மாப்பிள்ளைக் கோலம்

மூன்றாவது பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால் காசியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு ஊர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம். என் வயதுதான் இருக்கும், ஆனால் வெயில் அவளிடம் பத்து வருஷம் கூடுதலாக வேலை செய்திருந்தது. போன வருஷம் அவளும் புருஷன் ஏழுமலையும் கிரிவலம் வந்திருக்கிறார்கள். சுற்றி முடித்து ஊருக்குள் திரும்பும்போது ஏழுமலை பக்கத்தில் இல்லை. அன்றிலிருந்து இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று, ஜோசியம் பார்த்தாயிற்று, ஆஸ்பத்திரி பிணவறைகூடப் பார்த்தாயிற்று. பெண் செல்விக்கு வரன் வருகிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, பெண்ணின் அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதுதான். "இல்லன்னு சொல்லிட்டா நான் இந்தப் பொட்டைக் கழட்டணும். இருக்காருன்னு சொன்னா, எங்கன்னு கேக்கறாங்க. ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்மா" என்றாள்.

முந்தானையிலிருந்து அவள் எடுத்துக் கொடுத்தது கல்யாண போட்டோ. அதைத் தவிர ஏழுமலை எந்த கேமரா முன்னாலும் நின்றதில்லையாம். இருபது வருஷத்துக்கு முந்தைய மாப்பிள்ளை, தலைப்பாகையும் நெற்றிப்பட்டமுமாக, யாரோ திட்டியது போல முழித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் இவள். பெரிய வீதி ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து ஃப்ளாப்பியில் வாங்கி வந்தேன். காணாமல் போனவர் அவர் ஒருவர்தானே என்று காசியம்மாளை வெட்டி எடுத்தேன். எவ்வளவு வெட்டினாலும் அவர் கையைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் போகவில்லை. அதையும் வெட்டினால் அவர் விரல் போய்விடும். சரி, இருந்து தொலையட்டும் என்று விட்டேன். 'காணவில்லை' என்று மேலே, பெயரும் ஊரும் கீழே. பதினேழாம் ஸ்லைடு.

பௌர்ணமியன்று பந்தலில் காசியம்மாள் டி.வி.க்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புருஷன் வருவார், ஐந்து விநாடி நிற்பார், போவார். அவள் மூன்று நிமிஷம் காத்திருப்பாள். மறுபடி வருவார். அவளுக்குப் பின்னால் சாதம் தின்றுகொண்டிருந்த சென்னைக்காரர் ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "என்னப்பா இது, தாலி கட்டின சூட்டோட ஓடிட்டாரா மாப்ளை?"

தலைவர் காணவில்லை

எங்கள் சங்கத் தலைவர் தணிகாசலம். ரைஸ் மில் வைத்திருப்பவர். கும்பிட்ட கையோடே பிறந்தவர். தன் படம் எத்தனை விநாடி நிற்கிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துப் பார்ப்பார். கழிப்பறைக்கு ஐந்து விநாடி, தலைவருக்கும் ஐந்து விநாடியா என்று கேட்டு அனுப்பினார். கழிப்பறைக்கு அவசரம் அதிகம் என்று பதில் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்காரர் அதை மாற்றிச் சொல்லியிருப்பார், பயந்த சுபாவம்.

ஒரு மாதம் காணாமல் போனவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு ஸ்லைடிலும் 'காணவில்லை' என்று அடிக்கச் சோம்பல்பட்டு, கொட்டை எழுத்தில் அதற்கென்று தனியாக ஒரு ஸ்லைடு செய்து முன்னால் வைத்தேன். பின்னால் படங்கள் வரிசையாக வரும். பந்தல் தொடங்குவதற்கு முன்னால் தலைவரின் படத்தை யாரும் தவறவிடாத இடத்துக்கு மாற்றச் சொல்லி வீட்டுக்காரர் பறந்தார். நானும் அவசரத்தில் இழுத்துவிட்டேன். அது போய் உட்கார்ந்தது அந்தக் கொட்டை எழுத்துக்கு அடுத்து. காணவில்லை. ஐந்து விநாடி. கைகூப்பிய தணிகாசலம். ஐந்து விநாடி. எஸ்கேப்பைத் தட்ட வேண்டிய நான் மோர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

இருபது சுற்றாவது ஓடியிருக்கும். அதற்குள் யாரோ புண்ணியவான் தலைவர் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். அவர் மனைவியும் இரண்டு மருமகள்களும் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். தலைவர் சாத வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் விசும்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு அர்ச்சனை விழும் என்று ஓரமாக நின்றேன். தலைவர் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே என்னிடம் வந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "முப்பத்தஞ்சு வருஷமா அவ என்கிட்ட சிடுசிடுன்னுதாம்மா பேசுவா. நான் காணோம்னா அழுவான்னு எனக்குத் தெரியாதும்மா."

டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்த காசியம்மாளும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு தொன்னையை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "பாத்தீங்களா, டி.வி.ல போட்டா கெடைக்குது. எனக்கும் கெடைப்பாரு."

நரை

ஒரு வருஷம் ஓடியது. காசியம்மாள் ஒரு பௌர்ணமிகூடத் தவறவில்லை. வரும்போதெல்லாம் ஒரு பை பச்சை மல்லாட்டை. வேண்டாம் என்றால் வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். செல்விக்கு வந்த இரண்டு வரன்கள் கைவிட்டுப் போயிருந்தன. மூன்றாவது வரன் ஆரணிப் பக்கம். பையன் நல்ல பையனாம், ஆனால் தை மாதத்துக்குள் ஒரு பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஒரு நாள் காலை, நான் இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். அந்தப் படத்தில் ஏழுமலைக்குக் கொஞ்சம் நரை வைக்க முடியுமா, தலைப்பாகையை எடுக்க முடியுமா, கன்னத்தை ஒட்ட வைக்க முடியுமா. இப்படியே போட்டால் எதிரில் நின்றாலும் யாருக்கும் அடையாளம் தெரியாதே என்றாள். நியாயம்தான். எனக்குத்தான் அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். பெயிண்ட் என்ற படம் வரையும் மென்பொருளில் திறந்து, மவுஸைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். இடது காதுக்கு மேலே நரை ஜாஸ்தி, வலது பக்கம் கம்மி. நெற்றியில் மூன்று கோடு. முன்பல் ஒன்று ஓரம் உடைந்தது, ஆனால் வாயை மூடியிருக்கிறாரே, வேண்டாம். தலைப்பாகையை எடுத்த இடத்தில் என் கைவண்ணத்தில் முடி வைத்தேன். துடைப்பம் மாதிரி வந்தது.

எனக்கே பொறுக்கவில்லை. "இது யாரோ ஆளு மாதிரி இருக்கு, காசியம்மா. அழிச்சுட்டு முதல்ல இருந்து பண்ணலாம்" என்றேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு விரலை நீட்டி, கண்ணாடியில் படாமல், அந்த நரையின் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இருக்கட்டும்ங்க. கூடவே இருந்து நரைச்சிருந்தா எனக்கு இது கண்ணுல பட்டிருக்காது."

கோடு விழுந்த எண்

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய பௌர்ணமி. சகோதரிகளே, இந்த ஒன்றை எழுதாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். உபயதாரர்கள் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் படம் வேண்டும், எல்லோரும் அடிக்கடி வர வேண்டும். ஒரு சுற்று நீளக் கூடாது. கூட்டத்தில் என்ன பேசினார்களோ, வீட்டுக்காரர் வந்து, காணாமல் போனவர்களில் பழையவர்களை எடுத்துவிடலாம், ஒரு வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் எங்கே கிடைக்கப்போகிறார்கள் என்றார். நான் சண்டை போட்டேனா? இல்லை. அன்றைக்கு எனக்குத் தலைவலி, மாவு புளித்துவிட்டது, மகன் இந்த விடுமுறைக்கு வரவில்லை என்று போன் செய்திருந்தான். எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு இருந்தது.

அந்த மென்பொருளில் 'ஹைட் ஸ்லைடு' என்று ஒன்று உண்டு. அழிப்பதில்லை. ஸ்லைடு இருக்கும், அதன் எண்ணின் மேல் குறுக்காக ஒரு கோடு விழும், ஓடும்போது தாண்டிப் போய்விடும். அழித்தால்தானே பாவம், மறைத்தால் என்ன என்று பதினேழின் மேல் கோடு போட்டேன். காசியம்மாளுக்குச் சொல்லவில்லை. கூட்டத்தில் அவள் கவனிக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதாமாதம் அவள் கவனித்த ஒரே பொருள் அதுதான் என்பது எனக்குத் தெரியாதா?

அன்று அவள் நாலு மணிக்கே வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. கண் சிமிட்டிய நேரத்தில் தவறவிட்டேனோ என்று மூன்றாவது சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நாலாவது சுற்றில் எழுந்து டி.வி.க்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் மறைக்குது மறைக்குது என்று சத்தம் போட்டார்கள். நான் அண்டாவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் பின்பக்கம் வந்தாள். கோபமில்லை, சந்தேகம்கூட இல்லை. பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள்: "அம்மா, இன்னிக்கு அவரு வரலீங்களா?"

எஸ்கேப் தட்டாத காலை

அன்றே எஸ்கேப்பைத் தட்டி, கோட்டை எடுத்து, மறுபடி ஓடவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் முறைத்தார், நானும் முறைத்தேன். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகளிடம் முறைப்பு வாங்கி வளர்ந்தவளிடம் அதெல்லாம் எடுபடுமா?

அதற்கு இரண்டு மாதம் கழித்து, பௌர்ணமிக்கு மறுநாள் காலை. பந்தல்காரர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரை எடுத்துப்போக நான் ஆட்டோவோடு வந்தேன். யாரும் நிறுத்தாததால் டி.வி. தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எதிரில் ஒரே ஒரு ஆள். காவி வேட்டி, தாடி, பக்கத்தில் ஒரு தூக்குப் பாத்திரம். கிரிவலப் பாதையில் அப்படிப்பட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நாம் முகத்தைப் பார்ப்பதில்லை, சில்லறையைப் போட்டுவிட்டு நகர்வோம். சாதம் தீர்ந்துவிட்டது, எழுந்திருங்கள் என்றேன். "சாதத்துக்கு இல்லம்மா. இன்னும் ஒரு தபா வரட்டும்" என்றார். வந்தது. பதினேழு. நான் வரைந்த துடைப்பமுடி. அதைப் பார்த்து அவர் சிரித்தார். முன்பல் ஒன்று ஓரம் உடைந்திருந்தது.

"நீங்க ஏழுமலையா?" என்றேன். அவர் திரையைக் காட்டி, "அந்தக் கை காசியோடதும்மா. அதை மட்டும் ஏன் வெச்சீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது. அந்தப் பெண் மாதாமாதம் இந்தத் தரையில் உட்கார்ந்திருப்பதை, பிணவறையை, செல்விக்கு வரன் தட்டிப்போனதை, எல்லாவற்றையும் கொட்டினேன். ஏனய்யா போனாய் என்று ஒருமையில்கூடக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். சண்டை கிண்டை எதுவும் இல்லையாம். அன்று எல்லோரும் ஊருக்குள் திரும்பினார்களாம், அவர் கால் திரும்பவில்லையாம். நேரே நடந்து ரயிலேறிக் காசி வரை போய், வெகுநாள் சுற்றிவிட்டு, போன மாதம்தான் மலைக்கு வந்தாராம். பொண்ணு கல்யாணத்துக்காவது வீட்டுக்கு வாருங்கள் என்றேன். கும்பிட்டேன்கூட. நான் சாமியைக் கும்பிடுவதே அவசரமாகத்தான். அவர் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வரமாட்டேம்மா. வந்தா நிக்கமாட்டேன், மறுபடி போயிடுவேன். அவளால ரெண்டாவது தபா தேட முடியாது. அந்தப் படத்தை மட்டும் எடுத்துடுங்க."

புதிய வரி

சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொல்லாதே, அந்தம்மா நம்பிக்கையோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் வீட்டுக்காரர். யாருக்கு நல்லது அது? நாலாவது நாள் கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவள் ஊருக்குப் போனேன். களத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் செல்வி. நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இரண்டாவது தபா தேட முடியாது என்று அவர் சொன்னதையும் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. செடியைப் பிடித்து உதறுவது, காயைப் பறிப்பது, கூடையில் போடுவது. செல்விதான் "யம்மா" என்று அவள் தோளைத் தொட்டாள். "ஒடம்பு எப்படி கீது அவருக்கு?" என்று காசியம்மாள் என்னிடம் கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன். "சரி. ஆரணிக்காரங்களுக்கு ஆளனுப்பலாம். இருக்காரு, சாமியாராப் போயிட்டாருன்னு சொல்லிடலாம். பத்திரிகையில பேரு போடலாம். என் அண்ணன் மனையில உக்காந்து தாரை வார்க்கட்டும்" என்றாள், மளிகைச் சாமான் பட்டியல் சொல்வது போல. பொட்டுக்கு மேலே வேர்வை. அதைத் துடைக்கும்போது பொட்டு கலையாமல் புறங்கையால் துடைத்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

பஸ்ஸுக்கு என்னை ரோடு வரை கொண்டுவிட்டாள். படத்தை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன். "எடுக்காதீங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "காணவில்லைன்னு போட்டிருக்கீங்க இல்ல, அதை மட்டும் எடுத்துடுங்க. அந்தத் தலைமுடியையும் எடுத்துட்டு, பழைய தலைப்பாகையோடயே விடுங்க. கீழ எழுதுங்க, 'இவரை இனி யாரும் தேடவில்லை'ன்னு. இந்தப் பக்கம்தானே சுத்திக்கிட்டு இருப்பாரு. எந்தப் பௌர்ணமிக்காவது பாக்கட்டும்." அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. பஸ் தூரத்தில் தெரிந்தது. நான் ஏறி உட்கார்ந்து பஸ் நகரும்போது அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலு அடி நடந்தாள்: "அம்மா, அவரு எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு. சட்டுனு மாத்திடாதீங்க, கொஞ்சம் ஜாஸ்தி நேரம் நிக்கட்டும்."

பதினேழாம் ஸ்லைடுக்குப் பன்னிரண்டு விநாடி கொடுத்தேன். தலைவருக்கே ஐந்துதான் என்று வீட்டுக்காரர் கத்தினார், ஆனால் விநாடியைக் கேட்கும் அந்த மென்பொருள் காரணத்தைக் கேட்பதில்லை என்பது என் குடும்ப வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.